படுதாவில் ஒரு பட்டணம்

புருஷன் பின்னால் அப்துல் கனி பாயின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே இந்திராணி அந்தக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டாள். கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேண்டும் என்கிற தூண்கள், அடுக்கடுக்காய் நூறு ஜன்னல், உச்சியில் கடிகாரக் கோபுரம், முன்னால் அகலமான தெரு. அத்தனையும் ஒரு படுதாவில் வரைந்திருந்தது. அடிப்பக்கம் கரையான் அரித்திருந்தது.

போன வருஷம் அருப்புக்கோட்டைக்குத் தபாலில் வந்த போட்டோவில் ஜெகநாதன் இதே தூணருகேதான் கைகட்டி நின்றான். பின்னால் தெரிவதுதான் மாப்பிள்ளையின் ஆபீஸ் என்று தரகர் அடித்துச் சொன்னார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்த கையோடு கப்பல். போர்ட் பிளேரில் இறங்கியதும், "அந்தப் பெரிய பில்டிங் எங்கேங்க?" என்று கேட்டாள்.

"அது உள்ள இருக்கு. அப்புறமா கூட்டிட்டுப் போறேன்."

சௌல்தாரி என்கிற கிராமத்தில் ஒரு தகரக் குடிசையில் குடிவைத்தான். ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடம் அவன் கூலி. அதையெல்லாம் அவள் மன்னித்துவிட்டாள்; ஏழ்மை அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்தப் பட்டணம் எங்கோ இருக்கிறதென்று நம்பினாள். பேச ஆளில்லாத பகல்களில் அந்தத் தெருவில்தான் மனதுக்குள் நடந்து திரிந்தாள். ஒருநாளும் யாரும் எதிரே வந்ததில்லை. இப்போது உற்றுப் பார்த்தால், வரைந்தவன் ஒரு ஆளைக்கூட வரையவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் ஒரு நாய்கூடக் கிடையாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இந்த மனுஷன் ஒரு ஊரையே மறைத்திருக்கிறான். அழுகை வரவில்லை. இத்தனை நாள் ஏமாந்து கிடந்தோமே என்றுதான் வயிறு எரிந்தது.

ஜெகநாதன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சொல்றதில்லையா? இங்க எல்லாரும் இதுக்கு முன்னாடிதான் எடுத்து அனுப்புறாங்க. நாம சேந்து நின்னு ஒண்ணு அனுப்புனா, சுசீலாவ நம்ம குழந்தைவேலுக்குக் கேக்கலாம். மாமா மறுக்க மாட்டாரு."

குழந்தைவேலு அவன் தம்பி. அதே குடிசையின் மறுபாதியில் இருப்பவன். சுசீலா அவளுடைய தங்கை. ஊரார் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். அக்காவே நிற்கிற போட்டோ என்றால் கேட்க மாட்டாள்.

"ஜல்தி நில்லுங்க, வெளிச்சம் போயிரும்" என்றார் பாய்.

"இதச் சுருட்டுங்க பாய்."

"பின்னாடி வெறும் பலகைச் சுவரும்மா. நல்லாருக்காது."

"பரவால்ல."

பாய் ஜெகநாதனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். பாய் கயிற்றை இழுத்தார். தெருவும் தூணும் ஜன்னலும் ஒவ்வொன்றாய் மேலேறிச் சுருண்டன. பின்னால் மழை ஊறிய பலகைச் சுவர், ஒரு ஆணியில் பாயின் குடை. இந்திராணி அதன் முன்னால் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள். ஜெகநாதன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பாய், படம் எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.