ஒன்பது நாள் அமைதி

யாராவது செத்தால் தேவலை.

நினைத்த மாத்திரத்தில் நெரெய்தா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னார் என்று நினைக்கவில்லை, பெயர் சொல்லி நினைத்தால்தான் பாவம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் துண்டு. அப்படியும் எதிர்ச்சாரியில் ஃபேயோவின் மளிகைக் கடையிலிருந்து பாட்டு சுவரைக் கடந்து வந்து அவள் கடைவாய்ப் பற்களில் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்களுக்குச் சத்தம் காதோடு போய்விடும். அவளுக்கு அது பல்லில், முழங்கையில், கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய் இறங்கும். கணினித் திரையில் பாதி அடித்திருந்த யாரோ ஒரு மாணவனின் ஆய்வேடு எழுத்தெழுத்தாகப் பிரிந்து நின்றது.

சர்க்கரை ஆலை ஊரான சான் பெத்ரோவில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் காய்ச்சலுக்கு நிற்காது, பிரசவத்துக்கு நிற்காது, பரீட்சைக்கும் நிற்காது. சாவுக்கு மட்டும் நிற்கும். தெருவில் ஒருவர் இறந்தால் ஒன்பது நாள் ஜெபமாலை முடிகிறவரை பெட்டிகள்மேல் ஃபேயோ வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திவிடுவார். வாசலில் டாமினோ ஆடுகிற கிழவர்கள் பலகைமேல் துணி விரித்துக் காய்களை ஓசையில்லாமல் வைப்பார்கள்.

புதன்கிழமை அந்தத் தெருவின் தோன்யா எர்சிலியா பாட்டி இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயது. மருத்துவர் கைவிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் துக்க வீட்டில் மற்ற எல்லோரையும்விட நெரெய்தா அதிகம் அழுதாள். அவ்வளவு நெருக்கமா இரண்டு பேரும் என்று பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தெருவைக் கடந்து கடைக்குப் போனாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் அதே கடையில், பாட்டு உச்சத்தில் இருந்தபோது, கையிலிருந்த முட்டைகளைப் போட்டு உடைத்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள். சிரிக்கவும் செய்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'கண்ணாடிக்காது'. அதன் பிறகு வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லுவாள், மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்துவிடும். துக்க நாட்களிலும் வெட்கம் அவளை உள்ளே வைத்திருந்தது. பதினோரு வருடமும் யாரோ பொறுக்கிய வெண்ணெய்ப்பழத்தைத்தான் தின்றாள். ஒன்று கல்லாக இருக்கும், இல்லையென்றால் குழைந்திருக்கும். இந்தத் தடவை தானே பொறுக்கி வாங்குவது என்று கிளம்பிவிட்டாள்.

"மழை விட்டதும் நண்டு வெளியே வந்திருச்சு பாருங்கடா," என்றார் நந்தோ, டாமினோ பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மெதுவாகப் பேச வராது, இப்போது துக்கத்துக்காகப் பழகிக்கொண்டிருந்தார்.

"நண்டுக்குக் கொடுக்கு உண்டு நந்தோ, பார்த்து ஆடுங்க," என்றாள் நெரெய்தா. கிழவர்கள் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

உள்ளே சலாமி இறைச்சியும் வெள்ளைப்பூண்டும் சலவை சோப்பும் கலந்த வாசனை. அது மாறவே இல்லை. வெண்ணெய்ப்பழக் கூடைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அவசரமே இல்லை. ஃபேயோ கத்தியைத் துடைத்தபடி காத்திருந்தார். அவர் கைச்சுருக்கம், நரைத்த புருவம் எல்லாம் அவளுக்குப் புதிது. எதிர்வீட்டு மனிதர் கிழவராகியிருந்ததை இவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் பார்த்ததில்லை.

அந்த ஒன்பது நாளும் ஏதாவது ஒன்றுக்காகப் போனாள். ஒரு நாள் தீப்பெட்டி. ஒரு நாள் ஒரே ஒரு வெங்காயம். போகப்போக அப்பா கூடவே நடந்து வருவதுபோல் இருந்தது.

அப்பா அன்செல்மோ சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவர். மகளுக்கு என்ன என்று அவருக்கும் தெரியாது, கேட்டால் சொல்ல ஒரு பெயரும் கிடையாது. ஆனால் அவர் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தினமும் மத்தியானம் கரண்ட் போகும். தெரு முழுவதும் மின்வாரியத்தைத் திட்டும். அப்பா மட்டும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "கரண்ட் போச்சு, கெளம்பு ராசாத்தி," என்பார், ஏதோ கடற்கரைக்குப் போகிற மாதிரி. வானொலிகள் அடங்கி, மின்விசிறிகள் அடங்கி, குளிர்சாதனப் பெட்டியின் முனகல்கூட நின்றுபோன அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கடை, முடிதிருத்தும் இடம், மாதா கோயில் எல்லாம். கடையில் அப்போது ஃபேயோவின் தகப்பனார். உள்ளே அரையிருட்டில் சீஸ் வெட்டுவார், காகிதத்தில் மடிப்பார், காகிதம் மடிகிற சத்தம் கேட்கும். தெருக்கோடியில் யாரோ செருப்பை இழுத்து நடப்பதும் கேட்கும். கரண்ட் வந்ததும் தெருவே ஓவென்று கத்தும். அந்தக் கத்தலுக்கு முன்னால் அப்பா எப்படியோ அவளை வீடு சேர்த்துவிடுவார். இப்போதும் கரண்ட் போகத்தான் செய்கிறது. கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

அவளுடைய பத்து வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். ஒன்பது நாள். பெரியவர்கள் உள்ளே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்க, மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து இஞ்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள். தெரு அசைவில்லாமல் இருந்தது. மாமரத்திலிருந்து ஒரு இலை தகரக் கூரையில் விழுந்தது கேட்டது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். முழுதாக, உடம்பெல்லாம் சந்தோஷமாக நினைத்தாள். அடுத்த மூச்சில் அது யாரால் வந்தது என்பது நினைவுக்கு வந்தது. மிட்டாயைத் துப்பினாள். நாற்பத்துநாலு வருடமாக இதை அவள் பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. நெரெய்தா பேச வேண்டியதை வீட்டிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் மூன்றிலிருந்து நாலு வரை பெட்டிகளை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள். வியாபாரம் மந்தமான நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் நான் உள்ளே வந்து வாங்கிக்கொள்வேன், என்னைப்போல் வேறு யாராவது இருந்தால் அவர்களும் வரட்டும், வாரத்தில் மற்ற நேரமெல்லாம் எப்படியும் போடுங்கள் என்றாள். தலைநகரில் பெரிய கடைகளில் இப்படி ஒரு நேரம் வைத்திருக்கிறார்களாம் என்று அங்கே இருக்கிற மருமகள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஃபேயோ உடனே மறுக்கவில்லை. மோவாயைத் தடவினார். தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பாட்டு நின்றால் கடை மூடியிருக்கிறதென்று ஜனங்கள் அடுத்த முனைக் கடைக்குப் போய்விடுவார்கள், காரணம் ஒன்று வேண்டும் என்றார். உடம்பு சரியில்லாத ஒரு பெண்மணிக்காக என்று அட்டையில் எழுதி மாட்டலாமா என்றார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே, தோன் ஃபேயோ."

"ஒண்ணுமில்லைன்னு எழுதினா எவன் கேப்பான்?"

கிழவர்கள் பலகையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் காதுக்கு மூடி வாங்கித் தரலாம் என்றார். இன்னொருவர் செவ்வாய் தன் ஆட்டத்துக்கு ராசியான நாள், வியாழனாக இருக்கட்டும் என்றார். கடைசியில் நந்தோதான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்செல்மோ பேர்ல வெச்சிருவோம். அன்செல்மோ நேரம். அந்த மனுசன் ஒரு கரும்புகூடக் கூடக்கொறைய எடை போட்டதில்ல. செத்தவருக்காகன்னா இந்தத் தெருவுல எவனும் வாய தொறக்க மாட்டான்."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஃபேயோவின் முகமே தெளிந்தது. அப்பாவின் புகைப்படம் இருந்தால் கொடு, கல்லாவுக்கு மேலே மாட்டுகிறேன், செவ்வாய்தோறும் ஒரு மெழுகுவர்த்தி என் செலவு என்றார். அவளுக்காக இவர்கள் இப்படி ஒன்றுகூடி நின்றதே இல்லை. தலையை ஆட்டினால் போதும். ஆயுசுக்கும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இந்த வாசனைக்குள் வந்து நிற்கலாம், விரலால் அழுத்திப் பார்த்து வாங்கலாம்.

அவள் கண்முன் அந்த அட்டை தெரிந்தது, மெழுகுவர்த்தி தெரிந்தது. பத்து வயதில் அப்பாவைக் கொடுத்து ஒன்பது நாள் வாங்கியாயிற்று. இனி வாராவாரம் அவரை வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் வாங்க வேண்டும். உயிரோடு இருந்தவரையில் அவர் எவரிடமும் காரணம் சொல்லாமல், அவளுக்கு ஒரு பெயரும் வைக்காமல், கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தார்.

"அப்பா பேர்ல வேண்டாம்," என்றாள்.

நந்தோ காதைத் தீட்டிக்கொண்டார், சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல. "ஏம்மா? அவருக்குத்தானே மரியாதை?"

"மரியாதைதான். எனக்குத் தெரியுது நந்தோ. ஆனா கேக்கறது நான். நான் உயிரோடதான இருக்கேன். எனக்குன்னு குடுக்க முடிஞ்சா குடுங்க."

ஃபேயோ கல்லாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அவருக்கு மனசு இருந்தது, அவள் அதைப் பார்த்தாள். நாளைய வியாபாரமும் அவர் முகத்தில் இருந்தது, அதையும் பார்த்தாள்.

"படம் மட்டுமாவது குடேன், நெரெய்தா," என்றார் அவர் தணிந்த குரலில். "மத்ததை நான் பாத்துக்கறேன். இல்லேன்னா நாளைக்குக் காலைல நான் விரிப்ப எடுத்துட்டுப் பாட்டப் போட்டுத்தான ஆகணும்?"

"போட்டுக்கோங்க, தோன் ஃபேயோ," என்றாள் நெரெய்தா. "படம் தர மாட்டேன்."