ஆஸ்பத்திரி வாசலில் சொல்லாத சொல்

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு கட்டடத்தை அதன்பாட்டில் இருக்கவிட மனம் வராது. தேவாலயத்தைக் கோப்பிக்கடை ஆக்குவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளைக் கலைத்துவிட்டு ‘ஆய்வு நிறுவனம்’ என்று பலகை மாட்டுவார்கள். நோயாளி இல்லாத இடத்தில் என்ன மண்ணாங்கட்டி ஆராய்ச்சி என்று, ட்ராமை விட்டு இறங்கும்போதே யோகலிங்கம் முணுமுணுத்தார்.

“மகளின்ரை முதல் வேலை. வாயை வைச்சுக்கொண்டு சும்மா வாங்கோ,” என்றாள் மனைவி யோகாம்பாள்.

மகள் கஜேந்தினி பிறந்ததே இந்தக் கட்டடத்தில்தான். இப்போது இங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கதை சொன்னாள். நகரசபை இதைக் காசநோய்க்காரருக்கென்று கட்டியதாம். பிறகுதான் தாய்மாரும் குழந்தைகளும் வந்தார்களாம். புது ஆஸ்பத்திரி எழும்பியதும் கனகாலம் பூட்டிக் கிடந்ததாம்.

“அம்மா படுத்திருந்த அறை இதுதான். இப்ப என்ரை லாப்.”

கட்டில் நின்ற இடத்தில் ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

“உதுக்குள்ளை என்ன?” என்று கேட்டார் யோகலிங்கம்.

“நோயாளியளின்ரை ரத்தம், சதைத்துண்டு.”

“அப்ப அவையள் போகேல்லை. துண்டுதுண்டா இஞ்சைதான் நிக்கினம்.”

யோகாம்பாள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் கஜேந்தினி அவரை மறித்தாள். “போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ அப்பா.” அவளுடைய வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் படியில் நின்று தவறாமல் அதைச் சொல்லுகிறவர் அவர். இங்கேயும் சொன்னால்தான் அப்பா தன் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அவளுக்கு மனம் ஆறும்.

யோகலிங்கம் மாட்டேன் என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்பி வரவேண்டி வரும். அன்று, பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கிருந்து வெளிக்கிட்டபோது, பழக்கதோஷத்தில் யோகாம்பாள் தாதியிடம் அதைச் சொல்லிவிட்டாள். மறுகிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல். திரும்பவும் இதே வாசல்.

“காய்ச்சல் கிருமியாலை வந்தது அப்பா, சொல்லாலை இல்லை. இது இப்ப ஆஸ்பத்திரியும் இல்லை.”

“உன்ரை குளிர்பெட்டி அப்பிடிச் சொல்லேல்லையே.”

அவள் முகம் வாடியது. யோகலிங்கம் அவளுடைய குளிர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

“குளிருது, உள்ளை போ. வேலையை வடிவாச் செய். பின்னேரம் உன்ரை வீட்டை வாறம். போகேக்கை அங்கை சொல்லுறன், எத்தினைதரம் வேணுமெண்டாலும்.”

கஜேந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வாங்கோ. புட்டு அவிச்சு வைக்கிறன்.”

யோகாம்பாள் திரும்பித் திரும்பிக் கைகாட்டினாள். யோகலிங்கம் திரும்பவே இல்லை. அந்த வாசலைத் திரும்பிப் பார்ப்பதும் கூடாது.

“பலகையை மாத்தினா ஆஸ்பத்திரி மாறுமோ,” என்று சொல்லிக்கொண்டே ட்ராமை நோக்கி நடந்தார்.