சந்தனப் பொட்டும் சேர்வரும்

எங்கள் சேர்வர் செத்துப்போனது இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, செவ்வாய் காலை ஒன்பதரைக்கு. கரண்ட் போய்த் திரும்பி வந்தது. கூடவே சேர்வர் அறையிலிருந்து கருகிய வாடையும் வந்தது. யூபிஎஸ் பற்றரியை மாற்றித் தாருங்கள் என்று ஒரு வருடமாகக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மடுல்கெல்லையிலிருந்து சுப்பம்மா அக்கா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். மகன் அழகையாவை முந்தாநாள் கொழும்பில் பொலிஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயது, சாப்பாட்டுக் கடையில் வேலை. கையில் அடையாள அட்டை இல்லை, வாயில் தமிழ். சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போக, யுத்தம் நடந்த அந்த நாட்களில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் கண்டியில் எங்கள் நிலையத்தின் வேலை. அசல் பத்திரங்கள் விண்ணப்பத்தோடு கொழும்புக்குப் போகும். ஸ்கேன் செய்த பிரதி சேர்வரில் இருக்கும். அழகையாவின் அசல் பிறப்புச் சான்றிதழ் கொழும்பில் எந்தக் கட்டுக்குள் கிடக்கிறதோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். கார்த்திகை வரைக்கும் வந்ததை நான் சீடியில் எழுதி வைத்திருந்தேன். அழகையாவின் பத்திரங்கள் வந்ததோ மார்கழியில். ஆக, அவன் பிறந்ததற்கு அத்தாட்சி அந்தச் செத்த பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

கொழும்பில் எங்களுக்காக வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி பத்மாதேவி போனில் கணக்காகச் சொல்லிவிட்டார். சான்றிதழ் நாலு மணிக்குள் ஃபேக்ஸில் வந்தால் அவனை வெளியே எடுக்கலாம். வராவிட்டால் பின்னேரமே பஸ்ஸில் ஏற்றித் தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவனைத் தேடி எடுக்க எத்தனை வருடமாகும் என்று அவருக்கே தெரியாதாம்.

கோபக்காரி சுந்தரி என்று ஒஃபிஸில் எனக்குப் பெயர். அந்தப் பெயருக்கு நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அன்றைக்கு, சேர்வரை விற்ற கொழும்பு ஏஜென்ட்டைப் போனில் பிடித்துத் தாளித்தேன். அவன் அசையவில்லை. புது பவர் சப்ளை சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், இரண்டு கிழமை ஆகும் என்றான்.

அடுத்து அக்குறணை முனாபைக் கூப்பிட்டேன். கண்டியில் பாதிக் கடைகளின் கம்பியூட்டர்கள் அவர் கையால்தான் ஓடுகின்றன. முக்கால் மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, ராக்கின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தார். அந்த சேர்வருக்கு பவர் சப்ளை இரண்டு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். வாடை அடித்தது கீழே இருந்ததிலிருந்துதான். மேலே இருந்ததை இழுத்து எடுத்து மோந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பவோ மவுத்தாப் போயிருக்கு மிஸ். முன்னுக்கு ஒரேஞ் லைட் எரிஞ்சிருக்குமே, ஒருத்தரும் பாக்கல்லையா?"

முன்னுக்கு வந்தோம். சேர்வரின் நெற்றி நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து தடிப்பாக இருந்தன. முனாப் நகத்தால் சுரண்டினார். அடியில் சின்னதாக, வட்டமாக, லைட்டின் கண்ணாடி தெரிந்தது.

வைத்தது நான்தான். ஐப்பசியில் சரஸ்வதி பூசைக்குக் கம்பியூட்டர், பிரிண்டர், ஃபோட்டோகொப்பி மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சேர்வருக்கு எங்கே வைப்பது என்று பார்த்தபோது அந்த வட்டம் வாகாகத் தெரிந்தது. வெள்ளிக்கு வெள்ளி அதே இடத்தில் புதுப்பித்தும் வந்தேன், சாம்பிராணியும் போட்டேன். மூன்று மாதமாக என்னைப் பார் என்று எரிந்திருக்கக்கூடிய லைட்டை என் பக்தி மூடி வைத்திருந்தது. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. யார் மேல் பாய்வது என்று தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை.

ஒரு வழி இருக்கலாம் என்றார் முனாப். கருகியதில் போர்ட் போய்விட்டது, ஆனால் ஃபேன் நன்றாகச் சுழல்கிறது. மேலே இருந்த பழையதில் ஃபேன் இறுகிவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கலாம். ஃபேன் சுழலாவிட்டால் பவர் சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமாம். கருகியதன் ஃபேனைக் கழற்றிப் பழையதில் போட்டால் ஓடக்கூடும். ஓடாவிட்டால் இரண்டும் குப்பை.

பணிப்பாளர் தேவராசா யாழ்ப்பாணத்து மனிதர், நிதானமானவர். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் உத்தரவாத சீலை உடைத்தால் ஏஜென்ட் பிறகு எதற்கும் பொறுப்பெடுக்கமாட்டான் என்று தயங்கினார். சீலைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு அழகையாவை முகாமில் போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். அவர் வாசலில் நின்ற சுப்பம்மா அக்காவை ஒருமுறை பார்த்தார்.

"ஓம் பிள்ளை, உடையுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும் வரை தொடக்கூடாது என்று முனாப் எங்களைக் கால் மணித்தியாலம் சும்மா உட்கார வைத்தார். எனக்கு அது ஒரு யுகம். பிறகு திருகாணிகளைக் கழற்றினோம். பழைய ஃபேனில் தூசியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்தன. அதுவும் என் கைங்கரியம்தான். ரிப்போர்ட்டில் தூசி என்று மட்டும் எழுதிவிடவா என்று முனாப் மெதுவாகக் கேட்டார். உள்ளதை எழுதச் சொன்னேன்.

ஃபேன் வயரைப் பற்றவைக்க சோல்டரிங் அயனைச் சூடாக்கிய நேரத்தில், பன்னிரண்டரைக்கு, கரண்ட் மறுபடி போனது. மின்சாரசபைக்குப் போன் எடுத்தேன். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கரண்ட் வருகிற நிமிடமே போடத் தயாராக இருக்கவேண்டும் என்றேன். அயனின் முனையை, தேத்தண்ணீர் போடும் காஸ் அடுப்பில் காட்டிக் காட்டிச் சூடாக்கிக் கொண்டு வந்து கொடுத்தேன். மூன்று வயருக்கு ஒன்பது தடவை ஓடினேன். விரலில் ஒரு கொப்புளம். முனாப் ஒட்டி முடித்தார்.

பிறகு கரண்டுக்காகக் காத்திருக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. சுப்பம்மா அக்காவிடம் போய்க் கண் கலங்க எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டு வைத்ததிலிருந்து. ஏசுவார், ஏசினால் எனக்கும் நல்லது என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"அழுவுறத அப்புறம் வச்சுக்குங்க மிஸ். இப்ப செய்ய வேண்டியத செய்ங்க" என்றார்.

இரண்டே முக்காலுக்கு கரண்ட் வந்தது. முனாப் பிஸ்மி சொல்லிப் பவர் சப்ளையைத் தள்ளினார். ஃபேன் ஒருமுறை இருமி, பிறகு சுழன்றது. முன்னால் ஒரேஞ் லைட் எரிந்தது. ஒரு பவர் சப்ளைதான் இருக்கிறது என்று அர்த்தம், பரவாயில்லை. சேர்வர் எழும்பப் பத்து நிமிடம் எடுத்தது. அழகையாவின் சான்றிதழ் மூன்று ஐந்துக்கு பிரிண்டரில் வந்தது. கொழும்பு ஃபேக்ஸ் லைன் ஏழு தடவை எங்கேஜ், எட்டாவது தடவை போனது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்மாதேவி கூப்பிட்டார். அழகையாவை விடச் சம்மதித்துவிட்டார்கள். சுப்பம்மா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் பத்மாதேவி போனை வைக்கவில்லை. அதே அறையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள், பெயர்களைச் சொல்கிறேன், பார் என்றார். அந்த ஐந்து பேரையும் அன்றைய பஸ்ஸில் ஏற்றாமல் நாளைக் காலை பத்து மணி வரைக்கும் நிறுத்தி வைக்கப் பேசியிருந்தார். ஒவ்வொரு பெயராகத் தேடினேன். நாலு பேருடையது இருந்தது, உடனே அனுப்பினோம். ஐந்தாவது பெயர் கறுப்பையா, ஹுன்னஸ்கிரிய. மூன்று விதமாகத் தேடியும் இல்லை. அவன் எங்களிடம் வந்ததே இல்லை.

அவன் வீட்டில் பத்திரம் இருக்கும், போய் எடுத்து வருகிறேன் என்று தேவராசா சேரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். ஹுன்னஸ்கிரிய வழியாகப் போகும் மகியங்கனை பஸ் நாலரைக்கு. சுப்பம்மா அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத மனுஷி. அவர் எழுந்து சேலையை உதறி இடுப்பில் சொருகினார்.

"ரத்தினம்மா மகன் அவன். நம்ம பயலும் அவனும் ஒரே கடையிலதான் வேல. அவ லயத்து வீட்டுல போன் இல்ல மிஸ், புள்ளைய புடிச்சதே அவளுக்கு இன்னும் தெரியாது. நானும் வர்றேன். நீங்க பத்திரத்த எடுங்க, அவகிட்ட நான் சொல்றேன்."