நாலாய்க் கீறிய ரொட்டி

ரம்லத் பீவிக்குச் சோற்று வாடை பட்டாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அடுத்த வீட்டில் உலை கொதித்தால் இவள் இங்கே கொல்லைக்கு ஓடுவாள். கறம்பக்குடிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அரிசிதான் வெந்தது. பிறகு அவள் எங்கே போய்த் தப்பிக்க? கஞ்சி, இட்லி, இடியாப்பம் எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. சில நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. இது நாலாம் மாசம். இதற்கு முன்பு இரண்டு முறை இதே மாதிரி வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாகி, இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் அவள். "இந்தத் தடவையும் வயித்துல ஏதாச்சும் தங்கலேன்னா புள்ளையும் தங்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்று மருத்துவச்சி மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். கல்நெஞ்சக்காரி. ஆனால் பொய் சொல்லவில்லை.

தங்கிய ஒரே பண்டம், அவள் புருஷன் யாக்கூப் சுட்டுக் கொடுத்த ரொட்டி.

யாக்கூப் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் செய்த குசினிக்காரர். துரை அயர்லாந்துக்காரர். அவருடைய துரைசாணி கடை ரொட்டியைக் கையால் தொடமாட்டாள், தன் ஊர் வழக்கப்படி தானே சுடுவாள். அதற்குக் கள் ஊற்றிப் புளிக்க வைக்க வேண்டாம், ராத்திரியெல்லாம் ஊறப் போட வேண்டாம். கோதுமை மாவு, உப்பு, ஆப்பச்சோடா, நன்றாகப் புளித்த மோர், அவ்வளவுதான். மோர் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கும். அது அடங்குவதற்குள் மாவை அள்ளிச் சேர்த்து அடுப்பேற்றிவிட வேண்டும். பரோட்டா மாவை அடிக்கிற மாதிரி அடித்துப் பிசைந்தால் போச்சு, ரொட்டி கல்லாகிவிடும். ஐம்பத்தெட்டில் இலங்கையில் கலவரம் வந்து தமிழ் பேசுகிறவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். யாக்கூப் உடுத்தின துணியோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். பங்களாவிலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான்.

ரம்லத் மறுபடி மாசமாகி, மறுபடி வாந்தியெடுக்க ஆரம்பித்ததும் மனுஷன் பதறிப்போனார். அதைச் செய்து பார்த்தார், இதைச் செய்து பார்த்தார், கடைசியில் ஒருநாள் கனத்த இரும்புச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பங்களா அடுப்புக்குக் கறம்பக்குடியில் எங்கே போவது? சட்டிக்குக் கீழே கொட்டாங்கச்சிக் கங்கு, தட்டை மூடிக்கு மேலேயும் கங்கு. பிரியாணிக்குத் தம் போடுகிற அதே வேலைதான். துரைசாணியின் ஊரிலும் ஏழைபாழைகள் வீட்டில் இப்படித்தான் சுடுவார்களாம். மாவை உருண்டையாகச் சட்டிக்குள் வைத்து, மேலே கத்தியால் குறுக்கே ஒரு கீறல், நெடுக்கே ஒரு கீறல், ஆழமாகப் போட்டு மூடினார். கீறாவிட்டால் மேலே கருகும், நடு வேகாது.

வெந்து இறக்கியதும் ரம்லத் பயந்து பயந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். லேசான புளிப்பு, மேலே கருகலின் மணம். விழுங்கிவிட்டு, கொல்லைப் பக்கம் ஓடத் தயாராக எழுந்து நின்றாள். வரவில்லை. இன்னொரு துண்டு தின்றாள். அதற்கும் வரவில்லை. யாக்கூப் கரி பூசிய கையோடு தலையில் கைவைத்துச் சிரித்தார், அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். அன்றையிலிருந்து தினம் ஒரு ரொட்டி. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

அந்தக் கீறல்தான் வினையாகிப் போனது.

மோர் கொடுத்தவள் மூக்காயி. நல்ல மனுஷி, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஒருநாள் சட்டி திறக்கிற நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, வேதக்காரங்க கோயில்ல இருக்குற சிலுவ மாதிரியேல்ல இருக்கு ராவுத்தரே!" என்று கன்னத்தில் கைவைத்தாள். அதோடு நின்றாளா? ஊரெல்லாம் மோர் ஊற்றுகிறவள், மோரோடு இதையும் சேர்த்து ஊற்றிக்கொண்டு போனாள். ராவுத்தர் சிலுவை ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பெண்டாட்டியைப் பிழைக்க வைத்துவிட்டார் என்று பெருமையாகத்தான் சொன்னாள். அது கடைத்தெருவில் முந்திரி வியாபாரம் செய்த ஹாஜா முகைதீன் காதுக்குப் போனபோது வேறு உருவம் எடுத்திருந்தது.

ஹாஜா முகைதீன் ரம்லத்தின் கூடப்பிறந்த அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர். யாக்கூப் இலங்கையில் இருந்துகொண்டு எப்போதாவது லீவில் வந்துபோன காலமெல்லாம் அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அந்த இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் போயின. வாந்தியெடுக்கும்போது தங்கச்சியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். சந்தையில் எடையில் ஏமாற்றிய ஒரு தரகனின் முன்பல்லைத் தராசுத் தண்டால் பெயர்த்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று டீக்கடையில் ஒருத்தன் வம்புக்கு இழுத்தான். "என்ன ராவுத்தரே, ஒங்க மாப்ள ஞானஸ்நானம் எடுத்துட்டாராமே? தங்கச்சிக்கும் தெனம் அப்பம் பிட்டுக் குடுக்குறாராம்ல?"

கடையே சிரித்தது. ஹாஜா கையில் இருந்த கொதிக்கிற டீயை அப்படியே அவன் மூஞ்சியில் ஊற்றினார். அவன் அலறிக்கொண்டு தரையில் உருண்டான். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தங்கச்சி வீட்டுக்கு நடந்தார்.

யாக்கூப் அப்போது கொல்லையில் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு மூடி மேல் கங்கு அடுக்கிக்கொண்டிருந்தார். ரம்லத் வேலியோரம் பாயில் சுருண்டு கிடந்தாள். முந்தின நாள் மோர் புளிக்காமல் போய் ரொட்டி உப்பவில்லை. அதனால் நேற்றையிலிருந்து கொலைப்பட்டினி. சட்டியிலிருந்து வாசனை வரத் தொடங்கியிருந்தது. அவளுக்கு வாய் ஊறியது. அந்த நேரம் பார்த்து வேலிப் படலை உதைத்துத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். ஸலாமும் இல்லை, சுகம் விசாரிக்கவும் இல்லை.

"தொறடா அந்தச் சட்டிய!"

"வாங்க மச்சான், ஒக்காருங்க. இப்பத் தொறந்தா அரைவேக்காடாப் போயிரும்" என்றார் யாக்கூப்.

"தொறங்குறேன்ல!"

யாக்கூப் இடுக்கியால் மூடியைக் கங்கோடு தூக்கிக் காட்டினார். ரொட்டி உப்பிக் கீறல் விரிந்து கிடந்தது. ஹாஜா குனிந்து பார்த்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. யாக்கூப் சூடு போய்விடக் கூடாதே என்று அவசரமாக மூடியைத் திரும்ப வைத்தார்.

"என்னடா அது?"

"கீறல்தான் மச்சான். நடு வேகணும்ல."

"அத ஒன் துரைசாணி என்னன்னு சொல்லுவா?"

ஐயோ, அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு பொய் சொல்லத் தெரிந்திருக்கக் கூடாதா! 'சும்மா கீறுறதுதான்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ரம்லத் பாயில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். யாக்கூப் கவனித்தால்தானே! கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லியே பழகினவர்.

"அவங்க சிலுவைன்னுதான் சொல்லுவாங்க மச்சான். அவங்க சாமி பேரச் சொல்லிக் கீறுவாங்க. நான் அல்லா பேரால பிஸ்மி சொல்லித்தான்..."

பின்பாதி அண்ணன் காதில் ஏறவே இல்லை. காலடியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து ஓங்கி வீசினார். தலைக்கு வந்த அடியை யாக்கூப் வலது கையால் தடுத்தார். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் பாயில் இருந்த ரம்லத்துக்குக் கேட்டது. அடுத்த அடி முதுகில். அதற்கடுத்தது விலாவில். யாக்கூப் கீழே விழுந்தவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் அடுப்பை மறைத்துக்கொண்டு கிடந்தார். "அடிங்க மச்சான், என்னைய அடிங்க. சட்டியத் தட்டிராதீங்க. அவ நேத்துலேருந்து சாப்புடல" என்று மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சினார். ஹாஜா அவரை நெஞ்சில் உதைத்துப் புரட்டினார். யாக்கூப்பின் வாயிலிருந்து ரத்தம் வந்தது.

ரம்லத் தள்ளாடிக்கொண்டு எழுந்து நடுவில் புகுந்தாள். அண்ணன் கட்டையைப் போட்டுவிட்டு அவள் கையைப் பற்றி இழுத்தார்.

"வா நம்ம வீட்டுக்கு. ஒம் மதினி கஞ்சி வச்சுத் தருவா. இந்தக் காபிர் கையால ஒனக்குப் பச்சத்தண்ணி வேணாம்."

கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குக் குமட்டியது. அண்ணன் வீட்டு அறை, அந்த உலை வாடை, வாந்தி எடுக்க வைத்த மண்சட்டி, துணியில் சுற்றிக் கொண்டுபோன இரண்டு சின்னப் பொட்டலங்கள், எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. இப்போது போனால் மூன்றாவது பொட்டலம்தான். அவள் குனிந்து அண்ணனின் கையைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது.

"ஒங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சுத்தான் ரெண்டையும் மண்ணுல வச்சேன்! இதையும் வைக்கணுமா? இதையும் வைக்கணுமா சொல்லுங்க!"

அது அநியாயமான பேச்சு. அவளுக்கே தெரியும். அந்தக் கஞ்சியை ஊட்டிவிட்டு, அது வெளியே வந்தபோது கையில் ஏந்தினவர் அவர். ஹாஜாவின் முகம் செத்துப்போனது. பிறந்ததிலிருந்து ஓங்காத கையை ஓங்கித் தங்கச்சியின் கன்னத்தில் அறைந்தார். அவள் அடுப்புப் பக்கம் போய் விழுந்தாள்.

"இந்தச் சனியன் இருந்தாத்தானடீ!" என்று கத்திக்கொண்டு அவர் சட்டியை உதைக்கக் காலைத் தூக்கினார்.

ரம்லத்தின் கைக்குப் பக்கத்தில் இடுக்கி கிடந்தது. அவள் யோசிக்கவில்லை. இடுக்கியால் மூடியைக் கவ்வித் தூக்கி, அத்தனை கங்கையும் அண்ணன் மேல் விசிறி அடித்தாள். கழுத்திலும் தோளிலும் மார்பிலும் கங்கு பட்டுத் தெறித்தது. சட்டை பற்றிக்கொண்டது. முடி கருகும் நாற்றம் எழுந்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சந்து முழுக்க ஆட்கள் ஓடிவந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். ஒருத்தனாவது உள்ளே வந்தானா? இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே பாய்ந்தவள் மூக்காயி ஒருத்திதான். தலையில் இருந்த மோர்ப்பானையை இறக்கி, முழுவதையும் ஹாஜாவின் மேல் கொட்டினாள். நெருப்பு அணைந்தது. "அடப் பாவிகளா, ஒரு வயித்துல பொறந்தவுகளா நீங்க! என் நாக்குல பாம்பு புடுங்க, நான் போயி அதச் சொன்னேனே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு யாக்கூப்பைத் தூக்கி உட்கார வைத்து, வேலியில் ஒரு மூங்கில் பத்தையை ஒடித்து, தன் முந்தானையைக் கிழித்து அவர் மணிக்கட்டைக் கட்டினாள்.

ரம்லத் அண்ணனையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. அவள் பார்த்தது சட்டியை. மூடியில்லாமல், சூடு போய்க்கொண்டு, ரொட்டி அரைவேக்காட்டில் இருந்தது. இன்றைக்கு இது போனால் வேறு இல்லை. மாவு சேர்க்கிற கை ஒடிந்து கிடக்கிறது, மோர் மண்ணில் ஓடுகிறது. அவள் மூடியை எடுத்துச் சட்டி மேல் வைத்தாள். இடுக்கியோடு குனிந்து, கொல்லையெல்லாம் சிதறிக் கிடந்த கங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடி மேல் அடுக்கினாள். சில, மோரில் நனைந்து அணைந்திருந்தன. உயிருள்ளதாகப் பார்த்து எடுத்தாள். ஒன்று அண்ணனின் கால் பக்கத்தில் கிடந்தது.

"கால எடுங்க" என்றாள்.

அவர் எடுத்தார்.

"இன்னங் கொஞ்சம் கங்கு வேணும் மேல" என்றார் யாக்கூப், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவசரப்பட்டுத் தொறந்துராதே."

அவள் ஊதினாள். புகையில் கண்ணெரிந்தது, கன்னம் வீங்கிக்கொண்டு வந்தது. ஹாஜா வாயைத் திறந்தார். கழுத்தில் தோல் உரிந்து தொங்க, குரல் கம்மிப் போயிருந்தது.

"அவன் கைய ஒடிச்சது தப்புன்னா ஒத்துக்கிறேன் புள்ள. நானே வண்டி கட்டி வைத்தியருட்டக் கூட்டிப் போறேன். ஆனா அந்தச் சிலுவைய மட்டும் வயித்துக்குள்ள போடாதே. போட்டேன்னா நீ எனக்குத் தங்கச்சி இல்ல."

"என் வயித்துக்குள்ள என்ன போகணும்னு, வயித்துக்குள்ள இருக்குறதுதான் சொல்லும்" என்றாள் ரம்லத். "நீங்க சொல்ல வேணாம்."

மூடியை எடுத்தாள். ரொட்டியைத் துணியால் பிடித்துப் புரட்டி அடியில் தட்டிப் பார்த்தாள். நடு வெந்திருந்தால் வருகிற வெற்றுச் சத்தம் கேட்டது. கீறல் போன வழியில் நாலாகப் பிட்டாள். ஒரு பங்கை எடுத்து, சந்தே கேட்கிற மாதிரி "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடித்தாள். சூடு நாக்கைப் பொசுக்கியது. மென்று விழுங்கினாள்.

ஹாஜா போகவில்லை. தங்கச்சி இல்லை என்று சொன்னவர் வெளியே போயிருக்க வேண்டாமா? போகவில்லை. உதைத்துச் சாய்த்த படலருகே நின்றுகொண்டு, வெந்த கழுத்தைக் கையால் பொத்தியபடி, அவள் தொண்டையையே பார்த்தார். எத்தனையாவது வாயில் அவள் எழுந்து ஓடுவாள் என்று அவருக்குத் தெரியும். அந்த வாய் வந்தது. அவர் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தார், தலையைப் பிடிக்க. அவள் ஓடவில்லை. அடுத்த வாய் கடித்தாள். அதற்கடுத்ததையும் கடித்தாள். அந்தப் பங்கு முழுவதும் உள்ளே போய், போனது அங்கேயே நின்றுவிட்டது என்று தெரிகிற வரைக்கும் அவர் அசையவில்லை.

பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு போய்விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன் அவர், இனிமேல் இந்தச் சந்துக்குள் கால் வைக்க மாட்டார் என்று ரம்லத்துக்குத் தெரியும்.

அவர் முதுகு மறைந்த பிறகு அவள் அழுதாள். "அண்ணே" என்று வாய்விட்டு, ஊர் பார்க்க அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பங்கையும் எடுத்துத் தின்றாள்.