ஐந்தருவியில் பை பார்த்துக்கொண்டவள்

…அப்படியானால் நானேதான் அனுமதி கொடுத்தேனா, தலைமேல் இத்தனை தண்ணீர் கொட்டுகிறது, அதையும் மீறி அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்கிறது, காலையில் சென்னையிலிருந்து பேசிய விளம்பரக் கம்பெனிப் பெண், "மேடம், உங்க ஃபைல்ல அவரோட கணக்கும் இருக்கு, நீங்க அனுமதிச்ச ஆள் வித்தா அது திருட்டு ஆகாது மேடம்" என்று எவ்வளவு பதமாகச் சொன்னாள், திருட்டு ஆகாதாம், பிறகு அதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை. பின்னால் நிற்பவள் முழங்கையால் இடிக்கிறாள், போலீஸ்காரம்மா விசில் ஊதி நகரச் சொல்கிறார், நான் நகரவில்லை. வெளியே படியில் ஜாய் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் என் பை, பைக்குள் மாற்றுத்துணி, செயின், போன். என் பிழைப்பில் கை வைத்த கிங்ஸ்லியின் மனைவி அவள், எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அடுத்தவர் வாயால் தெரியவேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தேன். குத்துக்கல்வலசையில் ஸ்கூட்டரை எடுத்ததிலிருந்து வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன், குளித்துவிட்டுச் சொல்லலாம் என்று இங்கே வந்து நிற்கிறேன்.

எப்படித் தொடங்குவது, ஏட்டி உன் வீட்டுக்காரர் என்று ஆரம்பித்தாலே அவள் முகம் சுண்டிவிடும், பாவம், அவளுக்கு என்ன தெரியும்… எனக்கு மட்டும் என்ன தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். மெயினருவியில் எவ்வளவு விழுகிறது, பழைய அருவியில் தடையா, ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர், இதை விடியும்போதே 'சாரல் நிலவரம்' என்ற என் இணையதளத்தில் போட்டுவிடுவேன், மதுரைக்காரனும் விருதுநகர்க்காரனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேனை எடுப்பான், பக்கத்தில் ஓடும் விளம்பரங்களுக்கு வரும் காசுதான் என் சம்பாத்தியம். என் வீட்டுக்காரர் இசக்கிதுரை அதை அருவி ஜோசியம் என்பார், ஆனால் மகள் ஃபீஸ் கட்டும் மாதத்தில் அந்தக் கிண்டல் வராது. போன வருஷம் எவனோ ஒருவன் எங்கள் தளத்தின் பெயரைச் சொல்லி வேறெங்கோ விளம்பர இடம் விற்றான், வாங்கிய கம்பெனிகள் நான்தான் என்று நினைத்து அவனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தன. அன்றைக்குக் கை கொடுத்தவர் கிங்ஸ்லி அண்ணன், தளத்தைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். "தளத்துக்குள்ள ஒரு சின்ன ஃபைல் போதும் சங்கரி. நம்ம பேர்ல விளம்பர இடம் விக்கதுக்கு யாருக்கு அனுமதின்னு அதுல எழுதி வச்சிருவோம். அதுல இல்லாதவன்ட்ட ஒரு கம்பெனியும் வாங்க மாட்டான்" என்றார். ஒரே ஒரு வரி, என் கணக்கு மட்டும். திருட்டுக் கடை அதோடு மூடியது. நன்றி தாங்காமல் பிரானூர் பார்டருக்குப் போய் நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டில் இறங்கினேன், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

இந்த சீசனில் கூட்டம் கூடுகிறது, வரவு குறைகிறது, எனக்குத்தான் ராசியில்லை என்று நினைத்தேன், எவ்வளவு பெரிய மடச்சி. காலையில் அந்தப் பெண் பேசிய பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தால் என் வரிக்குக் கீழே இன்னொரு வரி, அவர் கணக்கு. பூட்டுப் போட்டுக் கொடுத்தவரே இன்னொரு சாவியும் செய்து வைத்துக்கொண்டார், என் தளத்தின் இடத்தில் பாதியை அவர் விற்று அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் என்று கூப்பிட்ட வாய் எரிகிறது. ஆனால் அவரால் தனியாக முடியாதே, அந்தத் தளத்தில் எதை மாற்றினாலும் என் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் திறக்கும். தளத்தை வைத்திருக்கும் கம்பெனிக்காரர்களும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆடி அமாவாசை அன்று மாற்றம் நடந்தது, உங்கள் போனுக்கு வந்த எண் சரியாகப் போடப்பட்டது என்று. எப்போது சொன்னேன், அடுப்பில் கையிருக்கும்போது கேட்டாரா, ஏதாவது புதுப்பிக்கணும் என்றாரா, நான் பாதி காதில் வாங்கிக்கொண்டு ஒப்பித்துவிட்டேனா… ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மாமியாருக்கே பாடம் எடுக்கிறவள், நானா சொன்னேன்?

ஆடி அமாவாசை. அன்றைக்கு என்ன குழம்பு… அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லையே. தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம் மெயினருவியை அடைத்துக்கொண்டது என்று விடியும்போதே எழுதிவிட்டு இங்கேதான் வந்தேன், இதே ஐந்தருவி, இதே வரிசை. தண்ணீர் இன்றைக்கு மாதிரியேதான் தோளில் அறைந்தது. கூட வந்தது ஜாய்தான், வேறு யாரும் இல்லை. குரங்குக்குப் பயந்து ஒருத்தி குளித்தால் ஒருத்தி பையோடு உட்காருவது எங்கள் வழக்கம், அன்றைக்கு அவளுக்குத் தலைவலியாம், "நீ ஆசைதீரக் குளிட்டி, பைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நானும் ஆசைதீரக் குளித்தேன். போன் அவளிடம் இருந்தது. அதன் பூட்டை எடுக்க அவள் மகன் பிறந்த தேதிதான், அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவள் நான், மறக்காது என்று அதையே வைத்தேன்.

சீ, என்ன புத்தி இது. அவர் போன் போட்டு, சங்கரிதான் கேட்டாள், அந்த எண்ணைச் சொல்லு என்றிருப்பார், இவளும் வெள்ளந்தியாக வாசித்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் அருவிக்குள் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்தானே, இங்கிருந்து நான் எப்படி அவரிடம் கேட்டிருப்பேன்… சாயங்காலம் அந்த வரியை எடுத்துவிடலாம், அது ஒரு வரி. இவளை எதிலிருந்து எடுப்பேன். கேட்டுவிடலாமா, கேட்டு அவள் இல்லை என்றுவிட்டால் சந்தேகப்பட்டவள் என்ற பெயர் எனக்கு, ஆமாம் என்றுவிட்டால்? ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். விசில் மறுபடி ஊதுகிறது, "எம்மா, ஒங்களத்தான், வெளிய வாங்க" என்று கம்பைத் தட்டுகிறார் போலீஸ்காரம்மா.

படியேறி வந்தேன். ஜாய் எழுந்து நின்றாள், பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "அதுக்குள்ளயா வந்துட்ட? இன்னுங் கொஞ்சம் நில்லேன்ட்டி, நான்தான் பாத்துக்கிடுதேன்லா" என்றாள். அவள் துண்டை நீட்டினாள். என் ஈரக்கை துண்டைத் தாண்டிப் போய், பைக்குள் நுழைந்து, போனைத் தேடியது, நுழைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜாய் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"போனுக்கு ஒண்ணும் வரல்லட்டி" என்றாள். நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.