கட்டி தட்டாத பொடி

பர்வின் குடுவையைக் கவிழ்த்தாள். பொடி கொட்டவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தாள். மணல்போல நெருடியது.

"இந்தத் தடவையும் போச்சுக்கா."

பக்கத்து மேசையில் இருந்த வானதி நிமிரவில்லை.

தஞ்சாவூரை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருவரும் பேராசிரியர் இராஜாங்கத்திடம் ஆய்வு செய்தார்கள். வானதி மூத்தவள். நெல் உமியிலிருந்து மிக நுண்ணிய சிலிக்காப் பொடி எடுக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டுப் பெயர் வாங்கியவள். உமிச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். தெளிந்த கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சிலிக்கா கூழாக உறையும். அதைக் கழுவி, உலர்த்தி, உலையில் சுட வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பெண்ணான பர்வின், அந்தப் பொடியைக் கொண்டு பீங்கான் செய்வதைத் தன் ஆய்வாக எடுத்திருந்தாள். பொடியே அவளுக்குக் கைகூடவில்லை.

கைகூடாது என்பது வானதிக்குத் தெரியும். அவளுக்கும் கட்டிதான் வந்தது. உலரும்போது வெளியேறும் நீர், துகள்களை இழுத்து ஒட்டவைத்துவிடுகிறது. கட்டுரை அனுப்பும் அவசரத்தில், கடையில் வாங்கிய பொடியைத் தன்னுடையது என்று நுண்ணோக்கியில் படம் எடுக்க அனுப்பி, அந்தப் படத்தைக் கட்டுரையில் சேர்த்துவிட்டாள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் பாராட்டு வந்துவிட்டது.

பர்வின் முதலில் உமியைக் குறை சொன்னாள். அடைமழையில் பாபநாசத்து ரைஸ் மில்லுக்குப் போய் வேறு உமி அள்ளி வந்தாள். ஸ்கூட்டியை ஓட்டியது வானதி. அடுத்துத் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன்னையே.

"எனக்கு இது வராதுக்கா. அத்தா, அம்மாகிட்ட சொல்லிட்டேன், ஊருக்கே வந்துடுறேன்னு." கட்டிகளைக் குப்பையில் தட்டினாள். "நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்தீங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

வானதி எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள்.

"உன் மேல தப்பு இல்ல பர்வின். கட்டுரைப் படத்துல இருக்கறது என் பொடியே இல்ல. கடையில வாங்குனது."

பர்வின் குடுவையைக் கீழே வைத்தாள்.

"பாபநாசத்துக்கு வந்தீங்களே, மழையில. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"உமியை அள்ளிப் பார்த்து, இது நல்ல உமின்னு சொன்னீங்க."

பர்வின் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வானதி நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இராஜாங்கம் எழுந்து கதவைச் சாத்தினார். கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு வேற தலைப்பு கொடுத்துடுறேன். நீ இதை இதோட விட்டுடும்மா."

ஒரு கணம் வானதிக்கு நெஞ்சு லேசானது. அந்த நிம்மதியை நினைத்து உடனே கூசிப்போனாள்.

"முடியாது சார். கட்டுரையைத் திரும்ப வாங்கணும். நீங்க இதழுக்கு எழுதலைன்னா நான் எழுதுறேன்."

எழுதினாள். கட்டுரை போயிற்று. கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றில் கிடைப்பதாக இருந்த வேலையும் போயிற்று. இராஜாங்கம் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பர்வின் ஊருக்குப் போகவில்லை. வேறொரு பேராசிரியரிடம் மாறிக்கொண்டாள்.

வானதி மறுபடி சாம்பலிலிருந்து தொடங்கினாள். கூழிலிருந்த நீரை ஆல்கஹாலால் கழுவி நீக்கிவிட்டு உலர்த்தியபோது கட்டி குறைந்தது. அந்தப் படத்தில் இருந்த அளவுக்கு வரவில்லை.

ஒரு நாள் உலையைக் கேட்க வந்த பர்வின், தட்டில் பரப்பியிருந்த பொடியைக் கவனித்தாள்.

"மன்னிச்சுடு பர்வின்," என்றாள் வானதி.

"அப்பவே சொல்லியிருந்தா, இதை ரெண்டு பேருமா சேர்ந்து கண்டுபிடிச்சிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. உலை எப்போது காலியாகும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.