தெருவில் நாற்காலி போட்டவர்கள்

இங்கிலீஷில் தொண்ணூறும் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைகள் சொந்த மொழியில் பேசினால், அவர்கள் வீட்டுக்குள் அது யார் காதிலும் விழாது. இந்தத் தெருவில் முப்பத்தொரு வருடமாக இதுதான் நடைமுறை. முதலில் மாட்டியவன் தையல்காரர் மகன். தொண்ணூற்றுமூன்று வாங்கிவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தவன், வாசற்படியைத் தாண்டி "அம்மா" என்றான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கிளினிக்கில் வெண்கல மணி மாதிரி பேசினான். வீட்டுக்குள் இங்கிலீஷ் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. ஆனால் அவன் அம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது 'சைஸ்' என்கிற ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? ஒரு நாற்காலியைத் தூக்கித் தெருவில் போட்டு, மகனை எதிரே உட்காரவைத்துப் பேசினாள்.

பத்தே வருடத்தில் தெருவில் நாற்பத்துமூன்று நாற்காலிகள், இரண்டு சோபாக்கள், சலூன்காரர் கொண்டுவந்து போட்ட சுழல் நாற்காலி ஒன்று. நகராட்சி வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தது. லாரிக்காரர்கள் நாற்காலிகளை வளைத்து வளைத்து ஓட்டப் பழகினார்கள். வழிக்காகக் காத்திருந்த ஒரு டிரைவர் மூன்று குடும்பத்துச் சண்டைகளைத் தீர்த்து, ஒரு கல்யாணத்தையும் பேசி முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். எல்லாம் சரி. தையல்காரர் மனைவி படுத்த படுக்கையானபோதுதான் கட்டிலைத் தெருவுக்குக் கொண்டுபோக டாக்டர் விடவில்லை. கடைசி மூன்று நாளும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டே இருந்தான். அவளும் எல்லாம் கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வருடமும் தெருப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வந்தவர்களின் வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டி நின்றது.

அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த டீச்சரும், சொந்த மொழி எடுத்த வாத்தியாரும் கணவன் மனைவி. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை.

"நான் யார் வாயையும் கட்டலை. கதவைத் திறந்துவிடறேன், போறாங்க" என்பார் டீச்சர்.

"போகட்டும். திரும்பி வரும்போது ஏன் ஊமையா வர்றாங்க?" என்பார் வாத்தியார்.

பிரெஞ்சு ஆசிரியர் நடுவில் புகுவார். "உங்களுக்காவது சண்டை போட ஆள் இருக்கு. எனக்கு மொத்தமே மூணு பசங்க, அதுல ஒருத்தன் தூங்கத்தான் வர்றான். ராஜாக்கள் பேசின பாஷை சார் இது!"

"அவனும் ராஜா மாதிரிதானே தூங்கறான், விடுங்க" என்பார் வாத்தியார்.

வாத்தியார் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்ததை யாரும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றே ஊர் நம்பியது. டீச்சரும் முக்கால்வாசி நம்பினார். இவர்களுக்கு ஒரே மகள். காலையில் அவர் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. "அப்பா, மூக்குக்குக் கீழ ஒரு தீவு விட்டுட்டீங்க. ஆள் குடியேறிடப் போறாங்க" என்பாள். அவர் சிரிக்க, நுரை கண்ணாடியில் தெறிக்கும். அந்த வீட்டில் நாள் அப்படித்தான் தொடங்கும். அவளுக்கு நிலநடுக்கம் பற்றிப் படிக்க வேண்டும். கடல் தாண்டி ஒரு கல்லூரி இடம் தருவதாகச் சொல்லி, இங்கிலீஷில் தொண்ணூறு கேட்டது.

"நம்ம பொண்ணுக்கு எண்பத்தொன்பது போட்டா உன் பேனா உடைஞ்சிடுமா?" என்று வாத்தியார் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"உடைஞ்சிடும்" என்றார் டீச்சர். முப்பது வருடத்தில் அரை மார்க்கைக்கூட அவர் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. டீச்சர் குளிக்கப் போன நேரத்தில் வாத்தியார் மகளின் தாளைப் புரட்டிப் பார்த்தார். எட்டாம் கேள்வி, பத்து மார்க்: தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குக் கடிதம். தூக்கத்தில் கேட்டாலும் எழுதிவிடுவாள். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மகளின் நீலப் பேனாவை எடுத்து, உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தார்.

டீச்சர் திருத்தும்போது எட்டாம் கேள்வியில் சிவப்புப் பேனா நின்றது. கையெழுத்தில் வித்தியாசமே இல்லை. மகளுக்கு எழுதப் பழக்கியவரே வாத்தியார்தானே. பிழை என்று ஒரு காற்புள்ளிகூட இல்லை. ஆனால் முடிவில் 'தங்கள் கீழ்ப்படிந்த பணியாளன்' என்று இங்கிலீஷில் இருந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளையும் அப்படி முடிப்பதில்லை, டீச்சரும் அப்படிச் சொல்லித்தந்ததில்லை. பிரம்படிக்குப் பயந்து, நாற்பது வருடத்துக்கு முன்னால் மனப்பாடம் செய்தவர்கள்தான் அப்படி முடிப்பார்கள். டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார். வாத்தியார் முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒன்பது மார்க் போட்டார். மற்றது எண்பத்தாறு, ஆகத் தொண்ணூற்றைந்து. பேனா உடையவில்லை. டீச்சர் அதை மூடி, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

முடிவு வந்த மறுநாள் காலையிலும் மகள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடுகள் அசைந்தன. நிறைய அசைந்தன. வாத்தியார் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவர் மூக்குக்குக் கீழே ஒரு தீவு மிச்சம் இருந்தது.

அவள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. போனிலும் அதே சட்டம்தான். வீட்டுக்குள் வைத்துப் பேசினால் இங்கிலீஷ் கேட்கும், மற்றது கேட்காது. மகளோடு இங்கிலீஷில் பேசினால் விருந்தாளியை உபசரிப்பதுபோல இருக்கிறது என்று வாத்தியார் தெருவுக்கே வந்துவிடுவார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, வெயிலானாலும் மழையானாலும், வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு நாற்காலிகள். போன ஞாயிற்றுக்கிழமை தூறல். டீச்சர் குடை பிடித்திருந்தார். போன் ஸ்பீக்கரில் மகள் குரல் வந்தது.

"அப்பா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த எட்டாம் கேள்வியை நான் எழுதவே இல்லை. நீங்கதானே எழுதினீங்க?"

"என்னம்மா? லாரி போகுது, ஒண்ணும் கேக்கலை" என்றார் வாத்தியார்.

தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. டீச்சர் எழுந்து, அந்த லாரிக்கு வழிவிட்டுத் தன் நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.